ஹார்லன் மாமாவின் மட்டைக்குள் இருந்த தக்கை

பெருமதிப்பிற்குரிய ஹார்லன் மாமா அவர்களின் சமூகத்துக்கு, ஓட்டர் பெண்ட் ஊரிலிருந்து தங்கை மகன் ரஸ்ஸல் பணிவோடு எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் சுகம். சோளம் தோள் உயரம் வந்துவிட்டது. அம்மாவின் வலது முட்டி மட்டும் மழைக்கு முன்னாலேயே மழை பெய்ததாக நினைத்துக்கொள்கிறது. அரிசோனாவில் உங்கள் வேன் வீட்டின் ஏசி ஓடுகிறது என்று நம்புகிறேன். ஓடவில்லையென்றால் நான் சொன்ன கெப்பாசிட்டரை மாற்றுங்கள், அதைத் திட்டிக்கொண்டிருப்பதால் அறை குளிராது. முதல் பத்தி முழுக்க மரியாதையாக இருக்க வேண்டும் என்பது அம்மாவின் உத்தரவு. அது இத்துடன் முடிந்தது.

நீங்கள் கேட்டது ஒரே கேள்வி: "அந்தச் சுவத்துல என் பேரு ஏறுமா, ஏறாதா?" பதில்: ஏறிவிட்டது. நியாயமாக இந்த ஒரு சொல்லோடு உறையை ஒட்டியிருப்பேன். ஆனால் ஏறிய விதத்தை ஊரார் வாய்வழியாகக் கேட்டால் நீங்கள் தப்பாகத்தான் புரிந்துகொள்வீர்கள். போனில் சொல்லலாம் என்றால், நான் ஒரு எண்ணைச் சொன்னதும் போனை வைத்துவிடுகிறீர்கள். அதனால்தான் கடிதம்.

அம்மாவின் இரண்டாவது கல்யாணம் இந்த மாதக் கடைசி சனிக்கிழமை என்பது உங்களுக்குத் தெரியும். மாப்பிள்ளை டுவேன் பள்ளிக்கூட பஸ் மெக்கானிக், நல்ல மனிதர், ஸ்பானரைத் துடைக்காமல் பெட்டிக்குள் போடுகிறார் என்பதைத் தவிர அவர்மேல் எனக்குப் புகார் இல்லை. சர்ச்சில் அம்மாவின் கையைப் பிடித்து பீடம் வரைக்கும் யார் கூட்டிப்போவது என்றபோது நான் இருக்கிறேனே என்றேன். அம்மா உருளைக்கிழங்கு சாலட்டைக் கிண்டிக்கொண்டே, "உன் அப்பாவைக் கட்டிக்கிட்டப்ப எங்கண்ணன் தக்கை விவகாரத்துல ஊரைவிட்டுப் போயி ஒரு மாசம்தான் ஆச்சு. யாரும் வேணாம்னு நான் தனியாவே நடந்தேன். நடந்து பாத்துட்டேன்டா, அது சரியா வரல. இந்தத் தடவை அண்ணன் வரணும்" என்றாள். நீங்களோ, அந்தச் சுவரில் என் பெயர் இல்லாத ஊருக்குள் காலை வைக்கமாட்டேன் என்று சொல்லிவிட்டீர்கள். இரண்டு பேரும் ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள் என்பதற்கு வேறு சாட்சி தேவையில்லை. ஆகவே சுவரைச் சரிசெய்ய நான் போனேன்.

நம் மாவட்டத்தின் பேஸ்பால் புகழ் மண்டபத்தை நீங்கள் பார்த்ததில்லை. தீயணைப்பு நிலையத்துக்கு மேல்மாடி, ஒரே அறை. பெரிய ஆட்டக்காரர்களின் பெயர் பொறித்த பித்தளைப் பலகைகள் சுவரில் வரிசையாக இருக்கின்றன. மாவட்டத்திலேயே வேலியைத் தாண்டிப் பந்தை அனுப்பி அதிக ஹோம் ரன் அடித்த உங்களுக்குப் பலகை கிடையாது. ஆனால் இறுதி ஆட்டத்தில் உங்கள் மட்டை இரண்டாகப் பிளந்தபோது உள்ளேயிருந்து உருண்டு வந்த, விதிப்படி அங்கே இருக்கக் கூடாத தக்கை இருக்கிறது, ஜாம் பாட்டிலுக்குள், ஜன்னலுக்குப் பக்கத்தில், நல்ல வெளிச்சத்தில். உங்களை அவுட் கொடுத்து, அந்தத் தக்கையைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டுபோன அம்பயர் வென்டெல்தான் இப்போது தேர்வுக் குழுவின் தலைவர். இதை அம்மா உங்களிடம் சொல்லியிருக்கமாட்டாள்.

குழுக் கூட்டத்தில் நான் சுற்றி வளைக்கவில்லை. பம்பு கம்பெனியில் எனக்குச் சோதனைப் பிரிவில் வேலை. ஒரு பொருள் வேலை செய்கிறதா இல்லையா என்று பார்த்துச் சொல்வதற்குத்தான் சம்பளம். "மட்டையைக் குடைஞ்சு தக்கை வெச்சா பந்து கூட தூரம் போகுமா, போகாதா? அதை யாராவது அளந்து பாத்தீங்களா?" என்று கேட்டேன். வென்டெல் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

"தம்பி, எவ்ளோ தூரம் போச்சுங்கறது பேச்சே இல்ல. போகணும்னு நெனச்சு வெச்சான் பாரு, அதான் பேச்சு."

அப்போது குழுவில் இன்னொருவரான, முன்பு பேக்கரி வைத்திருந்த மேவிஸ் அம்மாள் சுவரைக் காட்டினார். "ஏப்பா வென்டெல், அதோ எங்கப்பா பேரு இருக்கு. தொப்பிக்குள்ள வாஸ்லின் தடவிட்டு வந்து, அதைப் பந்துல பூசி வழுக்க விட்டுத்தான் மனுசன் பந்து போடுவாரு. தலகாணி உறையில பிசுக்கு போகலன்னு எங்கம்மா பொலம்பாத நாள் கிடையாது. அவரை எறக்கிடலாமா?"

"அவரை யாரும் புடிக்கலியே, மேவிஸ்."

"ஓகோ. அப்ப செஞ்சது குத்தம் இல்ல, மாட்டுனதுதான் குத்தம்."

"ஹார்லனோட தக்கை உருண்டு வந்து நின்னது என் பூட்ஸ் மேல. நான் எப்படிப் பாக்காத மாதிரி நிக்கறது?"

குழுவின் மூன்றாவது ஆள், சவ அடக்கக் கூடம் நடத்தும் எல்மர், கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே பேசினார். "நியூயார்க் மாநிலத்துல இருக்கே நாட்டுக்கே பெரிய மண்டபம், அவங்களே இதுல தடுமாறிட்டிருக்காங்க. பந்துல எச்சில் தடவுனவனை உள்ள வெச்சாங்க. பந்தயம் கட்டுனவனை வெளியே நிறுத்துனாங்க. பலத்துக்கு ஊசி போட்டுக்கிட்டவங்களை வருஷா வருஷம் ஓட்டு போட்டு இழுத்தடிச்சாங்க. அவங்களாலயே முடியாததை நாம ராத்திரி சாப்பாட்டுக்கு முன்னாடி முடிக்கணுமா?"

மாமா, ஒன்றை இங்கேயே சொல்லிவிடுகிறேன். என் மனதில் வென்டெல் சொன்னதுதான் சரி என்று பட்டது. நீங்கள் செய்தது மோசடி. உங்களுக்காகப் போனேன் என்பதற்காக அதற்கு வேறு பெயர் வைக்கமாட்டேன். ஆனால் மோசடிக்காரன் நல்ல ஆட்டக்காரனாகவும் இருக்க முடியும், அந்த ஹோம் ரன்களில் உங்களுக்கு எவ்வளவு, தக்கைக்கு எவ்வளவு என்று பிரித்துக் காட்டினால் தகராறு தீர்ந்துவிடும் என்பது என் எண்ணம். அளக்கக்கூடிய ஒன்றை அளக்காமல் முப்பது வருடம் வாயால் பேசிக்கொண்டிருந்தால் எனக்குப் பல்லைக் கடிக்கத்தான் தோன்றுகிறது. அதனால் ஒரே மரத்தில் இரண்டு மட்டை கடையச் சொல்லி, ஒன்றைக் குடைந்து தக்கை அடைத்து, இரண்டுக்கும் கறுப்பு பெயிண்ட் அடித்து, டுவேனின் அண்ணனுடைய டிராக்டரின் பின்பக்கத்து சுழல் தண்டில் ஒரு இரும்புக் கையை மாட்டி, அதில் மட்டையைப் பூட்டி, ரப்பர் குழாய்மேல் பந்தை வைத்து அடிக்கும்படி ஒரு கருவி செய்தேன். கருவியில் பிழை எதுவும் இல்லை. இடத்தைத் தேர்ந்தெடுத்ததில் மட்டும் சிறிய பிழை: தீயணைப்பு நிலையத்தின் பின்பக்கம், ஞாயிற்றுக்கிழமை காலை, அதாவது தீயணைப்புக்காரர்கள் முன்பக்கத்தில் ஊருக்கெல்லாம் பான்கேக் சுட்டுப் போடும் நாள். குழு உறுப்பினர்கள் எப்படியும் சாப்பிட வருவார்கள், தனியாகக் கூப்பிட வேண்டாம் என்று கணக்குப் போட்டேன்.

முதல் பந்து, தக்கை இல்லாத மட்டை, கூரையைத் தாண்டி, பான்கேக்மேல் ஊற்றும் மேப்பிள் பாகு அண்டாவுக்குள் விழுந்தது. யாருக்கும் அடி படவில்லை, ஆனால் பாதிரியாரின் சட்டையை மூன்று முறை துவைத்தும் எறும்பு விடவில்லை என்று கேள்வி. டிராக்டரின் வேகத்தைக் குறைத்தேன். குறைத்த வேகத்தில் பந்து கூரையைத் தாண்டவில்லை, சுவரில் இருந்த அபாய மணிப் பெட்டியில் நேராகப் போய் மோதியது. சைரன் அலறியது. நம் ஊர்த் தீயணைப்புக்காரர்களைப் பற்றி நீங்கள் என்ன வேண்டுமானாலும் சொல்லலாம், சைரன் கேட்டால் ஒரு நொடி நிற்கமாட்டார்கள். கையில் தோசைத் திருப்பியோடு வண்டியில் ஏறிவிட்டார்கள். வெயிலுக்குப் போட்டிருந்த கூடாரத்தின் கயிற்றை அந்த வண்டியின் பம்பரில்தான் கட்டியிருக்கிறார்கள் என்பது யாருக்கும் நினைவில்லை. வண்டி போனது, கூடாரம் போனது, கூடாரத்தின் கம்பத்தில் மாட்டியிருந்த மேவிஸ் அம்மாளின் கைப்பையும் போனது. கூடாரத்தை வங்கிக்கு முன்னால் பிடித்தார்கள், பையைத் தானியக் கிடங்கில் கண்டெடுத்தார்கள். எங்கே தீ, எங்கே தீ என்று எல்லாரும் ஓடிக்கொண்டிருந்தபோது நான் அமைதியாக நாடாவைப் பிடித்து அளந்துகொண்டிருந்தேன். அம்மா அதைத்தான் இன்றுவரைக்கும் மன்னிக்கவில்லை.

வென்டெல் தொடையில் சிந்திய பாகைத் துடைத்துக்கொண்டே வந்தார். "ஏன்டா, டிராக்டருக்கு என்ன தோள்பட்டையா இருக்கு? தக்கை வெச்சா மட்டை லேசாகும். லேசானா மனுசன் வேகமா வீசுவான். உன் டிராக்டர் ரெண்டையும் ஒரே வேகத்துல சுத்துது. என்ன சோதனை இது?"

மாமா, இது நியாயமான ஆட்சேபணை. எனக்கே தோன்றியிருக்க வேண்டும். எரிச்சலோடு ஒத்துக்கொண்டேன். மதியம் பள்ளி மைதானத்தில் பந்து எறியும் இயந்திரத்தை இரவல் வாங்கி, டுவேனையும் கிடைத்த தடியர்களையும் நிறுத்தி, எது எந்த மட்டை என்று சொல்லாமல் மாற்றி மாற்றி அடிக்க வைத்தேன். நாடாவின் மறுமுனையை நானாகப் பிடிக்கவில்லை, வென்டெலிடம் கொடுத்தேன். அந்த வயதில் மண்டியிட்டு, ஒவ்வொரு பந்தையும் அவரே அளந்தார். பொழுது சாயும்போது விடை தெளிவாக இருந்தது. தக்கை மட்டையை வேகமாகத்தான் வீசுகிறார்கள். ஆனால் அடியில் கனம் இல்லை. பந்து கொஞ்சம் குறைவாகத்தான் போகிறது. அதாவது, வேலியை ஒட்டிப் பிடிபட்ட உங்கள் பந்துகளில் சில, நல்ல மட்டையாக இருந்திருந்தால் வேலியைத் தாண்டியிருக்கும். தக்கை உங்களுக்கு ஒரு ஹோம் ரன்கூடத் தரவில்லை, உங்களிடமிருந்து பிடுங்கிக்கொண்டது.

வென்டெல் புல்லில் உட்கார்ந்து நாடாவைச் சுருட்டத் தொடங்கினார். பிறகு தோள் குலுங்கியது. அழுகிறாரோ என்று டுவேன் தண்ணீர் கொண்டுவந்தார். பார்த்தால் வென்டெல் சிரிக்கிறார்.

"அடப்பாவி. அப்ப அத்தனை வருஷமும் அவன் தனக்குத்தானே ஆப்பு வெச்சுக்கிட்டிருந்திருக்கான். நான் போயி தண்டனை வேற குடுத்தேன்" என்றார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ஏத்துங்கடா அவனை" என்றார்.

குழுவில் எதிர்ப்பே இல்லை. பலகையின் வாசகத்தை நான்தான் எழுதினேன். புகழ்ச்சி, பூச்சு எதுவும் சேர்க்கவில்லை: "ஹார்லன் டிட்மர். இம்மாவட்டத்தில் மிக அதிக ஹோம் ரன் அடித்தவர். மட்டைக்குள் தக்கை வைத்து ஆடினார். அதனால் அவருக்கு லாபம் இல்லை என்றும், வைக்காதிருந்தால் இன்னும் அதிகம் அடித்திருப்பார் என்றும் சோதனையில் தெரிகிறது." மூன்றும் உண்மை. கெட்ட பெயர் எடுத்தவரைச் சுவரில் ஏற்றலாமா என்று கேட்பவர்களுக்கு என் பதில் இதுதான்: ஏற்றுங்கள், செய்த எல்லாவற்றையும் எழுதி ஏற்றுங்கள். ஜாம் பாட்டிலையும் நகர்த்தவில்லை, பலகைக்குக் கீழேயே வைத்திருக்கிறோம்.

ஆகவே உங்கள் நிபந்தனை நிறைவேறிவிட்டது. இனி வராமல் இருக்கக் காரணம் ஒன்றும் இல்லை. வண்டியின் டயரில் காற்றைப் பார்த்துக்கொண்டு கிளம்புங்கள். அம்மா தன் அன்பையும், டுவேன் தன் வணக்கத்தையும், வென்டெல் கொஞ்சம் தயக்கத்தோடு தன் விசாரிப்பையும் தெரிவிக்கச் சொன்னார்கள். உங்கள் உடம்பும் வண்டியும் நீண்ட காலம் பழுதில்லாமல் ஓட வேண்டிக்கொள்ளும்,

தங்கள் அன்புள்ள,
ரஸ்ஸல்

பின்குறிப்பு: மேலே உள்ளதையெல்லாம் விட்டுவிடுங்கள். நேற்று இதை எழுதி மேசைமேல் வைத்திருந்தேன். இன்று காலை அம்மா சந்தோஷம் தாங்காமல் உங்களைக் கூப்பிட்டு, பலகையின் வாசகத்தைப் போனில் படித்துவிட்டாள். அதன்பிறகு நீங்கள் பேசியதை ஸ்பீக்கரில் நானும் கேட்டேன்.

"லொரெட்டா, உன் புள்ளகிட்ட சொல்லு. நான் முப்பது வருஷமா திருடன். பழகிப்போச்சு. பார்ல எவனாவது கேட்டா, ஆமா, தக்கை வெச்சேன், வெளுத்தேன்னு சொல்லுவேன், பீர் வாங்கிக் குடுப்பானுங்க. இப்ப அவன் என்னை முட்டாள்னு பித்தளையில செதுக்கி வெச்சிருக்கான்."

"முட்டாள்னு எங்கயும் இல்லண்ணே. நான் ரெண்டு தரம் படிச்சேன்."

"வார்த்தை இல்ல. கணக்கு போட்டு காட்டிருக்கானே, அது போதாதா? நாளைக்கே கிளம்பறேன். வியாழக்கிழமை அங்க இருப்பேன். அந்தப் பலகைய என் கையால கழட்டாம எனக்குச் சோறு எறங்காது. வென்டெல்கிட்ட சாவிய எடுத்து வெக்கச் சொல்லு."

அம்மா, "ஏணி இங்க இருக்குண்ணே. கல்யாணத்துக்குச் சாம்பல் கலர் கோட்டு மட்டும் எடுத்துட்டு வா" என்று சொல்லிப் போனை வைத்தாள். பிறகு என் பக்கம் திரும்பி, பலகையை எப்படி மாட்டியிருக்கிறாய் என்று கேட்டாள். நாலு ஸ்க்ரூ, கழற்றப் பத்து நிமிடம் ஆகும் என்றேன்.

"கழட்டுன கையோட வண்டிய எடுத்துக்கிட்டுத் திரும்பிப் போயிருவான். கழட்ட முடியாம சனிக்கிழமை வரைக்கும் தாங்கற மாதிரி ஏதாவது செய்" என்றாள்.

இந்தக் கடிதம் அரிசோனா போய்ச் சேரும்போது நீங்கள் அங்கே இருக்கமாட்டீர்கள். ஆனாலும் அம்மா தபால் தலையை ஒட்டிவிட்டாள், அனுப்பித்தான் ஆக வேண்டும். உறையை ஒட்டிவிட்டு, வெல்டிங் மெஷினை எடுத்துக்கொண்டு நான் மண்டபத்துக்குப் போகிறேன்.