கிடங்கில் விழுந்த இரண்டு கந்தசாமிகள்

வேலைக்குச் சேர்ந்து ஒரு வருடம் ஆனவர்களிடம் கொஞ்சம் எச்சரிக்கையாக இருப்பது நல்லது. புதிதாக வந்தவருக்குப் பயம் இருக்கும். பத்து வருடம் ஆனவருக்குச் சந்தேகம் இருக்கும். ஒரு வருடக்காரருக்கு இரண்டும் இருக்காது. ஹனோவரில் குணம் அண்ணையின் கம்பெனிக்குள் நான் மடிக்கணினியோடு நுழைந்தபோது எனக்கு வேலையில் ஒரு வருடமும் இரண்டு மாதமும் ஆகியிருந்தது.

முதலில் என் பெயரைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதையில் பெயர்தான் வில்லன். நான் பொன்மலர், விருதுநகர் பக்கம். அப்பா பெயர் ஆறுமுகம். பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் என்ற கட்டத்தில் எதையாவது எழுதியாக வேண்டுமே என்று அப்பாவை எழுதினோம். விளைவு, ஜெர்மனியில் இறங்கிய நாளிலிருந்து நான் ‘ஃப்ராவ் ஆறுமுகம்’, அதாவது திருமதி ஆறுமுகம். (அம்மாவிடம் சொன்னபோது, "அப்ப நான் யாருடி?" என்று கேட்டார்.) இப்படி அப்பா பெயரைச் சுமந்து திரிகிறவளுக்கு, மற்ற தமிழர்களும் அப்படித்தான் சுமந்து திரிவார்கள் என்று தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை.

குணம் அண்ணை யாழ்ப்பாணத்திலிருந்து அகதியாக வந்தவர். உணவகத்தில் கோப்பை கழுவி, ஒரு பழைய வானில், அதாவது நம் ஊர் வேனில், தொழில் தொடங்கி, இப்போது இருபத்தாறு வான்களும் இருபத்தாறு ஓட்டுநர்களுமாக இருக்கிறார். மருத்துவமனைகளுக்கும் முதியோர் இல்லங்களுக்கும் வெளுத்த விரிப்புகளை இறக்கி, அழுக்கானதை ஏற்றி வருவதுதான் வேலை. எந்த வான் எங்கே போனது என்பது வானுக்குள் இருக்கும் சின்னப் பெட்டிக்குத் தெரியும். யார் எவ்வளவு டீசல் அடித்தார் என்பது டீசல் அட்டைக்காரர்களின் இணையதளத்துக்குத் தெரியும். யார் எந்த நாள் வேலைக்கு வந்தார் என்பது ஆபீஸ் எக்செல் தாளுக்குத் தெரியும். மூன்றும் ஒன்றோடொன்று பேச்சுவார்த்தை இல்லாத பங்காளிகள். அவற்றை இணையத்தில் ஓரிடத்தில் சேர்த்து, யார் எப்படி ஓடுகிறார்கள் என்று படம் போட்டுக் காட்டுவதற்காகத்தான் எங்கள் கம்பெனி என்னை அனுப்பியது.

‘டேட்டா வேர்ஹவுஸ்’ என்று சொல்லியிருந்தால் அவருக்குப் புரிந்திருக்கும். ஆனால் ஈழத்தமிழர்கள் நல்ல தமிழ் பேசுவார்கள் என்று கேள்விப்பட்டிருந்தேன். நாம் மட்டும் குறைந்தவர்களா என்ன?

"அண்ணை, உங்க தரவு எல்லாத்தையும் எடுத்து ஒரு பெரிய கிடங்குல போடப் போறோம்."

அவர் முகம் மாறியது. "கிடங்கிலையோ? ஏன் பிள்ளை, நாங்கள் அப்பிடி என்ன பிழை விட்டனாங்கள்?"

"பிழை எல்லாம் இல்ல அண்ணை. இப்ப பெரிய கம்பெனி எல்லாம் கிடங்குலதான் போடுறாங்க."

"கிடங்கிலை போட்டு மூடினாப் பேந்து எப்பிடி எடுக்கிறது?"

பத்து நிமிடம் கழித்துத்தான் தெரிந்தது, எங்கள் ஊரில் மூட்டை அடுக்கும் இடத்துக்குப் பெயர் கிடங்கு, அவர் ஊரில் நிலத்தில் வெட்டும் குழிக்குப் பெயர் கிடங்கு. நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அவர் சொன்னதுதான் சரியான அர்த்தம் என்று அப்போது எனக்குத் தெரியாது.

வேலையைத் தொடங்கினேன். முதல் தலைவலி, ஓட்டுநர்களின் பெயர்கள். ஒரே ஆளின் பெயரை மூன்று இடத்தில் மூன்று விதமாக எழுதியிருந்தார்கள். ஒன்றில் கடைசி எழுத்து இல்லை, ஒன்றில் நடுவில் ஒரு ‘எச்’ கூடுதல், ஒன்றில் வெறும் முதலெழுத்து. ஆகவே நான் ஒரு விதி எழுதினேன்: குடும்பப் பெயரும் சொந்தப் பெயரின் தொடக்கமும் ஒத்துப்போனால் அது ஒரே ஆள், இருப்பதிலேயே புதிய பதிவை வைத்துக்கொண்டு பழையதை அதோடு சேர்த்துவிடு. ஜெர்மன் ஓட்டுநர்களிடம் விதி அழகாக வேலை செய்தது. கடைசியில் மொத்தக் கிலோமீட்டரைச் சரிபார்த்தேன். பழைய இடத்திலும் புதிய இடத்திலும் ஒரு மீட்டர் பிசகவில்லை. என் தோளை நானே தட்டிக்கொண்டேன்.

அடுத்தது அரங்கேற்றம். குணம் அண்ணையின் மிகப் பெரிய வாடிக்கையாளரான ஒரு மருத்துவமனைக்குப் போய், போக்குவரத்துப் பொறுப்பாளர் ஹெர் (திரு) லாங்கே முன்னால் இதைக் காட்ட வேண்டும். செவ்வாய்க்கிழமை காலை அண்ணையையும் என்னையும் ஏற்றிப்போனவர் நேசன் என்ற ஓட்டுநர். முப்பது வயதுக்காரர், என்னைவிட மூத்தவர், ஆனாலும் என்னை ‘அக்கா’ என்றுதான் கூப்பிட்டார். முன்சீட்டில் மூன்று பேரும் இடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

"மனுசி யாழ்ப்பாணத்திலை நிக்கிறா அக்கா. கலியாணம் கட்டி ரெண்டு வருசம். வாற திங்கள் கொழும்பிலை விசாவுக்கு டெர்மின், நாள் குறிச்சுத் தந்திட்டினம். எனக்கு ஆறு மாசம் சோதனைக் காலம் இந்த வெள்ளியோடை முடியுது. வேலை நிரந்தரம் எண்டு அண்ணை கடிதம் தந்தா அனுப்பிப் போடுவன்."

"கடிதம் அடிச்சாச்சு. கையெழுத்துத்தான் பாக்கி," என்றார் அண்ணை.

"அண்ணாவும் இஞ்சைதான் ஓடுறார் அக்கா, அவர்தான் என்னைச் சேத்து விட்டது," என்றார் நேசன்.

"ஓ, சூப்பர்," என்று சொல்லிவிட்டு நான் என் படங்களை இன்னொரு முறை பார்த்துக்கொண்டேன். அந்த ஒரு வரியைக் காது கொடுத்துக் கேட்டிருந்தால் இந்தக் கதையே இல்லை.

கூட்டம் ஜோராகத் தொடங்கியது. ஓட்டுநர் பட்டியலுக்குக் கீழே ‘நீக்கப்பட்ட இரட்டைப் பதிவு: ஒன்று’ என்று ஒரு பக்கத்தில் கொட்டை எழுத்தில் போட்டிருந்தேன். ஹெர் லாங்கே தலையசைத்து ரசித்தார். பிறகு சும்மா ஒரு கேள்வி கேட்டார். "உங்களிடம் அதிக நேரம் ஓடுகிறவர் யார்?"

இதற்காகத்தானே காத்திருந்தேன்! ஒரே அழுத்து. முதல் வரியில் எஸ். கந்தசாமி, வேலைக்குச் சேர்ந்து ஆறு மாதமானவர், வந்து நின்றார். போன புதன்கிழமை மட்டும் பத்தொன்பது மணி நேரம் நாற்பது நிமிடம்.

ஹெர் லாங்கே கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். "ஒரே நாளிலா?"

குணம் அண்ணை என் பக்கம் குனிந்தார். "பிள்ளை, இது பிழை. அது எங்கடை நேசன். ஒன்பது மணிக்கே நித்திரைக்குப் போற ஆள்."

அங்கேயாவது வாயை மூடியிருக்கலாம். ஒரு வருடக்காரியால் அது முடியுமா? எல்லோருக்கும் கேட்கும்படி ஜெர்மனில் சொன்னேன்: "மனிதர்கள் ஆயிரம் சொல்வார்கள். தரவு பொய் சொல்லாது." அதுவரை நான் பேசிய ஜெர்மனில் இலக்கணப் பிழையே இல்லாத முதல் வாக்கியம் அதுதான்.

ஹெர் லாங்கே நல்ல மனிதர். ஆனால் தூக்கமில்லாமல் பத்தொன்பது மணி நேரம் ஓட்டுகிற ஒருவரை நோயாளிகள் நடமாடும் வளாகத்துக்குள் எந்த நல்ல மனிதரும் விடமாட்டார். "விளக்கம் வரும்வரை இந்த ஓட்டுநர் உள்ளே வரவேண்டாம். வெள்ளிக்கிழமைக்குள் எழுதிக் கொடுங்கள்," என்று குறிப்பேட்டை மூடினார்.

கீழே இறங்கினோம். நேசன் வான் கதவைத் திறந்து பிடித்தபடி, "எப்பிடி அக்கா, நல்லாப் போச்சோ?" என்றார். அண்ணை கையை நீட்டிச் சாவியை வாங்கிக்கொண்டார். திரும்பும்போது அண்ணை ஓட்டினார், நேசன் நடுவில், நான் ஓரத்தில். அதே மூன்று சீட். நேசன் வழி முழுக்கத் தன் முழங்கால் என் மேல் படக்கூடாதென்று ஒடுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எனக்கு அதுதான் இன்றுவரை தாங்க முடியாத காட்சி.

ஆபீசில் அண்ணை அந்தக் கடிதத்தை எடுத்துப் பார்த்தார், கையெழுத்துப் போடாமல் மேசையில் கவிழ்த்து வைத்தார். "ஆளை நிப்பாட்டி வைச்சிட்டு வேலை நிரந்தரம் எண்டு பொய்க் கடிதம் குடுக்க ஏலாது பிள்ளை. டெர்மினை விட்டா இனி எத்தினை மாசமோ. பாவம் அங்கை காத்திருக்கிற பெட்டை."

மறுநாள், விளக்கத்துக்கு ஆதாரம் சேர்க்க மறுபடி அண்ணையின் ஆபீசுக்குப் போனேன். (மனசாட்சி கூப்பிட்டது என்று சொல்ல ஆசைதான். ஆதாரம் சேர்க்கத்தான் போனேன்.) வான் இல்லாத நேசன் சைக்கிளில் வந்து துணி மடித்துக்கொண்டிருந்தார். என் எதிரில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார்.

"அக்கா, கம்பியூட்டர் சொன்னாச் சரியாத்தான் இருக்கும். ஆனா நான் நித்திரை கொண்ட ஞாபகம் இருக்கு."

கோபப்பட்டிருந்தால் நானும் வாதாடியிருப்பேன். தான் தூங்கியதையே சந்தேகப்படுகிற மனிதரிடம் என்ன பேசுவது? முதல்முறையாக எனக்குள் ஏதோ ஆட்டம் கண்டது. மொத்தக் கணக்கை விட்டுவிட்டு அந்தப் புதன்கிழமையை நிமிடம் நிமிடமாகத் திறந்தேன். ஒன்பது பத்துக்கு எஸ். கந்தசாமி ஹனோவருக்கு வடக்கே ‘செல்ல’ என்ற ஊரில் இருந்தார். ஒன்பது பன்னிரண்டுக்குத் தெற்கே ஹில்டெஸ்ஹைமில் இருந்தார். நடுவில் முழு ஹனோவரும் இருக்கிறது.

"இந்த நேரத்துல நீங்க எந்த ஊர்ல இருந்தீங்க?"

"ஹில்டெஸ்ஹைம். செல்லவுக்கு அண்ணாவெல்லோ போறவர்."

"எந்த அண்ணா?"

"என்ரை சொந்த அண்ணா. நேற்று வானுக்கை சொன்னனான். சிவகுமாரன் கந்தசாமி."

இவர் சிவநேசன் கந்தசாமி. அவர் சிவகுமாரன் கந்தசாமி. கந்தசாமி அப்பா. ‘சிவ’ என்று தொடங்கினால் ஒரே ஆள் என்று விதி எழுதியவள் ஒரு தமிழச்சி! ஓட்டுநர் பட்டியலை எண்ணினேன். இருபத்தைந்து. அப்போதுதான் அந்த ‘நீக்கப்பட்ட இரட்டைப் பதிவு’ துணி வண்டியைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தது. தொண்ணூறு கிலோவுக்குக் குறையாத மனிதர், இரண்டு பிள்ளைகளின் தகப்பன்.

"என்ன பிள்ளை, முகம் வெளிறிப்போச்சு? தேத்தண்ணி குடிச்சனீங்களோ?" என்று கேட்டது நீக்கப்பட்ட பதிவு.

நான் அழுதுவிட்டேன். இருவரும் பதறிப்போய் எனக்குத் தேநீர் ஊற்றிக் கொடுத்தார்கள், அதுவும் மூன்று கரண்டி சர்க்கரையோடு.

வெள்ளிக்கிழமை காலை எழுத்து விளக்கத்தோடு சகோதரர்கள் இருவரையும் நேரில் கொண்டுபோய் நிறுத்தினோம். ஹெர் லாங்கே இருவரையும் பார்த்தார். "உங்களில் யார் ஹெர் கந்தசாமி?"

"நான்," என்றார்கள் இருவரும்.

"உண்மையில் கந்தசாமி இவர்களுடைய அப்பா. யாழ்ப்பாணத்தில் இருக்கிறார். அவருக்கு வாகனமே ஓட்டத் தெரியாது," என்றார் குணம் அண்ணை.

ஹெர் லாங்கே யோசித்தார். "அப்படியானால் ஃப்ராவ் ஆறுமுகம், நீங்கள்?"

"ஆறுமுகம் என் அப்பா."

அவர் குணம் அண்ணை பக்கம் திரும்பினார். "ஹெர் ராசையா, நீங்களுமா?"

"ராசையாவும் அப்பாதான்," என்றார் அண்ணை வெட்கத்தோடு.

"அதாவது இந்த அறையில் சொந்தப் பெயரில் வந்திருப்பது நான் ஒருவன்தான்," என்று சொல்லிவிட்டு அந்த மனிதர் சிரித்தார் பாருங்கள், எனக்கு உயிர் வந்தது. பிறகு நான் எழுந்து, தரவு பொய் சொல்லவில்லை, நான்தான் சரியாகப் பார்க்காமல் ஒரு நல்ல மனிதரைக் குற்றவாளியாக்கினேன் என்று சொன்னேன். அந்த வாக்கியத்தில் குறைந்தது மூன்று இலக்கணப் பிழைகள். யாரும் திருத்தவில்லை.

அண்ணை அங்கேயே, வாகன நிறுத்துமிடத்தில், வானின் முன்பக்கத்தில் கடிதத்தை வைத்துக் கையெழுத்துப் போட்டார். நேசன் அதைப் படமெடுத்து அனுப்பினார். தர்ஷினி, அதுதான் அவர் மனைவி, அதை அச்செடுத்துக்கொண்டு கொழும்புக்கு பஸ் ஏறினார். சில மாதங்கள் கழித்து விசா வந்தது.

எங்கள் கம்பெனியில் இப்போது எந்த ஊர்த் தரவை எங்கே நகர்த்தினாலும், இருவர் ஒருவராகிவிட்டார்களா என்று கடைசியில் ஒரு பரிசோதனை உண்டு. அதற்குக் ‘கந்தசாமி சோதனை’ என்று பெயர். என் ஜெர்மன் சக ஊழியர்கள் அதை ஏதோ இந்தியக் கணித மேதையின் பெயர் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். நானும் மறுக்கவில்லை.

தர்ஷினி வந்து சேர்ந்த மாதம் என்னைச் சாப்பிடக் கூப்பிட்டார்கள். படியில் வைத்தே நேசன் மெதுவாகச் சொன்னார்: "அவவுக்கு நான் அண்ணனும் தம்பியும் ஒண்டாகின பகிடியை மட்டும்தான் சொன்னனான் அக்கா. கடிதம் கையெழுத்தில்லாமல் கிடந்தது தெரியாது. தெரிஞ்சிருந்தா அந்த நாளெல்லாம் நித்திரை கொண்டிருக்க மாட்டா." கிளம்பும்போது ட்ராம் நிறுத்தம்வரை வந்த தர்ஷினி சொன்னார்: "குமாரன் அத்தான் அண்டைக்கே போன் எடுத்துச் சொல்லிப்போட்டார் அக்கா. எனக்குத் தெரியும் எண்டு என்ரை மனுசனுக்குச் சொல்லாதேங்கோ, பாவம்." (ஒரு பிறந்தநாள் விழாவில் குமாரன் அண்ணை இரண்டு ரகசியத்தையும் ஒரே மூச்சில் உடைத்துவிட்டார். அதனால்தான் தைரியமாக எழுதுகிறேன்.) ஒருவருக்குத் தெரியக்கூடாதென்று இன்னொருவர் தவித்த அந்த நாட்களுக்கு நான் காரணம் என்று நினைத்தால் இப்போதும் கூசுகிறது.

என்னைக் கூசவிடாமல் பார்த்துக்கொள்பவரும் தர்ஷினிதான். அவர்கள் வீட்டு விசேஷம் எதற்குப் போனாலும், நான் செருப்பைக் கழற்றுவதற்குள் உள்ளே இருப்பவர்களைக் கூப்பிட்டு, என் கையைப் பிடித்துக்கொண்டு அறிமுகம் செய்துவைப்பார்:

"இவதான் அந்தப் பொன்மலர் அக்கா. சேத்து வைக்க வேண்டிய எங்கள் ரெண்டு பேரையும் விட்டிட்டு, அண்ணனையும் தம்பியையும் சேத்து வைச்சவ!"