ஈரத்தை அடைத்த டப்பா

சீனிச்சாமிக்கு ஈரம் என்றாலே ஆகாது. விஸ்வநத்தம் பக்கம் ஒரு பட்டாசு கம்பெனியில் சரக்குக் காயப்போடும் மேடைக்கு அவர்தான் பொறுப்பு. பதினெட்டு வருஷமாக வானத்தைப் பார்த்தே பிழைப்பு. வீட்டில் ஒரு துண்டு சரியாகக் காயவில்லை என்றாலும் அன்றைக்குப் பஞ்சாயத்துதான்.

அப்பேர்ப்பட்ட மனுஷன் ஒருநாள் படுக்க வந்தால், மனைவி வேல்விழி கண்ணாடி முன்னால் முகத்தில் நீர் சொட்ட நிற்கிறாள். துடைக்காமல் அப்படியே கிரீமைத் தடவி, அதற்கு மேல் டப்பாவிலிருந்து வாசலினை எடுத்துப் பூசுகிறாள்.

"என்ன கூத்து இது? வீட்ல துண்டு இல்லியா?"

"துடைக்கக் கூடாதாம். ஈரத்தோட அடைச்சு வைக்கணுமாம். போன்ல பாத்தேன்."

சீனிச்சாமி தோளில் கிடந்த துண்டை எடுத்து நீட்டினார்.

"ஈரத்தோட அடைச்சா நமத்துப் போகும்ல?"

"நான் என்ன வெடிக்கவா போறேன்?"

"இந்தா பாரு. இந்த டப்பாவால எந்த மூஞ்சியாவது மாறட்டும். தெருக்குழாய்த் தண்ணிய ஆயுசுக்கும் நான் பிடிக்கேன்."

வேல்விழி அப்போதே பக்கத்து வீட்டுச் சண்முகத்தாயைக் கூப்பிட்டுச் சாட்சி வைத்துவிட்டாள். ஒரு மாசம் கழித்துத் தீர்ப்பும் சண்முகத்தாய்தான் சொல்ல வேண்டும். இது விளையாட்டுக் காரியமில்லை. அந்தத் தெருவில் ஐந்து நாளைக்கு ஒருமுறைதான் தண்ணீர் வரும். வந்தால் முப்பது குடம். பெண்கள் வரிசையில் மீசை வைத்த ஆம்பளை குடத்தோடு நிற்பதை நினைத்தாலே சீனிச்சாமிக்கு மானம் போனது.

அடுத்த வாரம் மல்லாங்கிணற்றில் ஒரு கல்யாணம். இரண்டு பேரும் மேடையேறிப் போட்டோவுக்கு நின்றார்கள்.

"ஐயா, உங்க மகள இன்னும் கொஞ்சம் நெருங்கி நிக்கச் சொல்லுங்க" என்றான் போட்டோக்காரன்.

மேடையே சிரித்தது. வேல்விழி மட்டும் சிரிக்கவில்லை. அதுதான் அவருக்கு ரொம்ப வலித்தது.

அன்றைக்கு அவள் கண்ணை மூடிய பிறகு டப்பா திறந்தது. ஆனால் தொழில் புத்தி விடுமா? சீனிச்சாமி முகத்தைக் கழுவினார், அழுத்தித் துடைத்தார், ஃபேனுக்கு நேராக அரைமணி நேரம் உட்கார்ந்தார். சரக்கைத் தட்டிப் பார்ப்பது போல இரண்டு கன்னத்தையும் தட்டிப் பார்த்து, சுத்தமாகக் காய்ந்துவிட்டது என்று தெரிந்த பிறகே வாசலினைப் பூசினார். நாலே நாளில் முகம் கோடையில் வெடித்த வெம்பக்கோட்டை அணைத் தரையாகிவிட்டது.

ஐந்தாம் நாள் காலை வேல்விழி வாசலில் நின்று சத்தமாகப் பேசிக்கொண்டிருந்தாள்.

"காய வச்சுப் பூசுனா வறட்சியத்தான் உள்ள வச்சு அடைச்ச மாதிரி மதினி. கழுவுன கையோட பூசிரணும்."

"எனக்கு எதுக்கு மதினி இதெல்லாம்?" என்றாள் சண்முகத்தாய்.

"சும்மா தெரிஞ்சு வச்சுக்கிடுங்க."

உள்ளே சட்டை மாட்டிக்கொண்டிருந்த சீனிச்சாமிக்குக் காது விடைத்தது. அன்று முதல் ஈரத்தோடு அடைத்தார். பதினெட்டு வருஷக் கொள்கை போயே போய்விட்டது. கம்பெனியில், "என்ன சீனிச்சாமி, ஆளே மாறிட்டீரு?" என்று முதலாளி கேட்டபோது, "நெல்லிக்காய் திங்கேன்" என்று கூசாமல் சொன்னார்.

தீர்ப்பு நாள் வந்தது. சண்முகத்தாய் வேல்விழியின் தாடையைப் பிடித்து வெளிச்சத்தில் இப்படியும் அப்படியும் திருப்பினாள்.

"கோவிச்சுக்கிடாதீக மதினி. ஒரு மாத்தமும் இல்ல. அதே மூஞ்சிதான்."

சீனிச்சாமி மீசையை முறுக்கினார்.

"நான் அப்பமே சொன்னேன்ல?"

"அண்ணே, கொஞ்சம் இங்கன திரும்புங்க" என்றாள் சண்முகத்தாய். "ஆத்தாடி, புது மாப்பிள்ளைக் கன்னம்ல இது?"

"அது... காத்து மாறியிருக்குல்ல, அதான்."

வேல்விழி டப்பாவைக் கொண்டுவந்து திறந்து காட்டினாள். அடி தெரிந்தது.

"கல்யாணத்துக்குப் போயிட்டு வந்த அன்னைக்கே நான் பூசுறத நிப்பாட்டிட்டேன். அன்னைக்கு நான் தூங்கவே இல்ல. அம்புட்டுப் பேரும் சிரிச்சாக, எனக்குப் பொறுக்கல. நீக கன்னத்தத் தட்டிக்கிட்டு இருந்ததையும் பாத்தேன். சரி, மனுசன் பூசிக்கிடட்டும்னு விட்டுட்டேன்."

இப்படி ஒருத்தி கிடைக்கக் கொடுத்து வைத்திருக்க வேண்டும் என்று சீனிச்சாமிக்கு மனசாரத் தோன்றியது. அதைச் சொல்லத்தான் வாயைத் திறந்தார்.

"எந்த மூஞ்சியாவதுன்னு சொன்னீகல்ல?" என்றாள் வேல்விழி. "நாளைக்குத் தண்ணி வருது."

மறுநாள் விடியற்காலை தெருவே வேடிக்கை பார்க்க, சீனிச்சாமி முப்பதாவது குடத்தைத் தோளில் தூக்கினார். குடம் தளும்பி முகமெல்லாம் தண்ணீர் வழிந்தது. ஒரு கையால் துண்டைத் தேடினார்.

வாசலிலிருந்து வேல்விழி குரல் கொடுத்தாள்.

"துடைச்சிராதீக. அப்படியே வாங்க, அடைச்சு விட்டுருதேன்."