சம்பந்தியம்மாவின் நகமும் டேஷ்போர்டு வெளிச்சமும்

மரியே வாழ்க

சேவூர், ஆரணி
செவ்வாய்க்கிழமை

அன்பும் மதிப்பும் மிகுந்த சம்பந்தி பிலிப் அவர்களுக்கு அடைக்கலசாமி எழுதிக்கொள்வது. மாதா புண்ணியத்தில் இங்கு நான், சூசைமேரி, மணப்பெண் சோபியா, நீங்கள் அனுப்பிவைத்த கார் ஆகிய நால்வரும் சுகம். சேத்துப்பட்டில் நீங்களும் சம்பந்தியம்மாவும் மாப்பிள்ளை கிறிஸ்டோபரும் சுகமாக இருக்கத் தினமும் செபிக்கிறோம். போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பீர்கள். போனில் பேசினால் சம்பந்தியம்மா ஸ்பீக்கரில் போட்டுவிடுகிறார்கள். இது நீங்கள் மட்டும் படிக்க வேண்டிய விஷயம். படித்துவிட்டுச் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். சட்டையைத் துவைக்கப் போடுமுன் மறக்காமல் எடுத்துவிடுங்கள்.

உங்கள் அப்பா வாங்கி, நீங்கள் மாலையும் கழுத்துமாக ஏறிப் போன அந்த அம்பாசிடர் எங்கள் தெருவில் திரும்பியபோது தறிச் சத்தமெல்லாம் நின்றுவிட்டது, ஆளாளுக்கு வெளியே வந்து பார்த்தார்கள். சோபியா அதில்தான் கோயிலுக்கு வரவேண்டும் என்று நீங்கள் ஆசைப்பட்டது எங்கள் பாக்கியம். கூடவே, "டேஷ்போர்டு லைட்டு மட்டும் எரியல சம்பந்தி, ஆரணியில ஆள் இருந்தா பாருங்க" என்று சொல்லியிருந்தீர்கள். சாயங்காலக் கல்யாணம், திரும்பும்போது இருட்டிவிடும், மீட்டர் தெரியாமல் புது மருமகளை அழைத்துப்போவதா என்று எனக்கும் பட்டது.

ஆனால் என் மனசு காரில் இல்லை, புடவையில் இருந்தது. கூறைப் புடவை மாப்பிள்ளை வீட்டார் எடுப்பதுதான் நம் வழக்கம். பெண்ணின் அப்பனே பட்டுக்காரன் என்பதால் அதை என் தறியிலேயே போடச் சொன்னீர்கள். சம்பந்தியம்மா தன் கூறைப் புடவையில் பிரிந்த சரிகை இழைகளை ஒரு தீப்பெட்டியில் போட்டுக் கொடுத்து, இதே மாதிரி அசல் வெள்ளிச் சரிகை போடுங்கள் என்றார்கள். அப்படித்தான் போட்டேன். புடவை பார்க்க வந்த அன்று அவர்கள் பார்டரை நகத்தால் ஒரு சுரண்டு சுரண்டி, "பளபளப்பு கொஞ்சம் ஜாஸ்தியா கீதுங்களே அண்ணே" என்றார்கள். அவ்வளவுதான் சொன்னார்கள், காப்பியும் குடித்துவிட்டுத்தான் போனார்கள். அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. பெற்ற பெண்ணின் கூறைப் புடவையிலேயே போலிச் சரிகை போட்டான் ஆரணிக்காரன் என்று பெயர் வந்துவிட்டால், அந்த வீட்டில் சோபியா எப்படித் தலைநிமிர்ந்து வாழ்வாள்? அதனால் உங்கள் தீப்பெட்டியையும், நம் சரிகை கொஞ்சம் போட்ட இன்னொரு தீப்பெட்டியையும் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, மணிக்கொருதரம் இரண்டையும் எடுத்துப் பார்த்துப் பார்த்துக் கண்ணே பூத்துவிட்டது.

இந்த நிலைமையில்தான் எலக்ட்ரீஷியன் சிவகுமார் வந்தார். முதலில் ஃபியூஸ் என்றார். கழற்றிப் பார்த்தால் நன்றாக இருந்தது. பிறகு பல்பு என்றார். அதை வெளியே எடுத்து நேராக பேட்டரியில் தொட்டதும் ஜம்மென்று எரிந்தது. பிறகு வயர் என்றார். அதில் கரண்டும் வந்துகொண்டுதான் இருந்தது. எல்லாம் சரி, வெளிச்சம் மட்டும் இல்லை. சும்மா இருக்காமல் நான் பிரேக்கை மிதித்தேன். சம்பந்தி, பெட்ரோல் முள் எழுந்துபோய் ஃபுல்லில் நின்றது! காலை எடுத்தேன், இறங்கியது. மறுபடி மிதித்தேன், மறுபடி ஏறியது. பிரேக் மிதித்தால் பெட்ரோல் ஊறுகிற வண்டியை நான் கேள்விப்பட்டதே இல்லை. சூசைமேரியைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவள் சிலுவை போட்டுக்கொண்டு, "இந்த வண்டிய எந்தக் காலத்திலயும் வித்துடாதீங்கன்னு அவங்ககிட்ட சொல்லுங்க" என்றாள். சிவகுமார்தான் காரியத்தைக் கெடுத்தார். "அதிசயமும் இல்ல, ஒண்ணும் இல்ல சார். எர்த் வரல. பல்புக்குப் போன கரண்டு வண்டி பாடிக்குத் திரும்பி வர்றதுக்கு வழி இல்ல. அதான் கண்ட எடத்துல பூந்துகினு போவுது. பேஜாரு புடிச்ச வேலை" என்று சொல்லி, மீட்டரைக் கழற்றித் தொங்கவிட்டுவிட்டு டீ குடிக்கப் போனார்.

உங்கள் அப்பா பார்த்துப் பார்த்து ஓட்டிய மீட்டர் அப்படித் தொங்குவதைப் பார்க்க எனக்கு மனசு கேட்கவில்லை. தறியில் அறுந்த இழையைத் தேடி முடிச்சுப் போட்டுப் பழகிய கை இது, ஒரு கட்டுப் போட்டுவிடலாம் என்று ஸ்டியரிங்குக்கு அடியில் தலையை விட்டு, கால்களைச் சீட்டின் முதுகில் போட்டு மல்லாந்து படுத்தேன். அந்த நேரம் பார்த்துத்தானா பங்குச் சாமியார், கோயில் பூசையில் கல்யாண ஓலை வாசித்து அறிவித்த விவரம் சொல்ல வரவேண்டும்? என் இரண்டு பாதங்களைப் பார்த்து, "நல்லா இருக்கீங்களா அடைக்கலசாமி?" என்றார். மரியாதைக்கு எழுந்திருக்கப் பார்த்தேன். முழங்கால் ஹார்னில் பட்டது. அது அலறிய அலறலில் சாமியார் கேட்டுக்கு வெளியே போய் நின்று, அங்கிருந்தே ஆசீர்வாதம் செய்துவிட்டுப் போய்விட்டார். இந்தக் களேபரத்தில் பையிலிருந்த தீப்பெட்டி இரண்டும் என் முகத்தில் விழுந்தன. வலப்பக்கம் விழுந்தது நம்முடையது என்பது எனக்கு நன்றாகத் தெரியும். இருட்டில் தடவி அதிலிருந்த இழைகளை எடுத்து முறுக்கி, மீட்டரின் முதுகிரும்பையும் வண்டியின் சட்டத்தையும் சேர்த்து இறுக்கி ஒரு முடிச்சுப் போட்டேன். கட்டுவதற்கு ஒரு நூல், வேறொன்றும் என் மனசில் இல்லை.

சிவகுமார் திரும்பி வந்தார். பகல் வெயிலில் டேஷ்போர்டு எரிவது எங்கே தெரியப்போகிறது என்று, காரின் மேல் தார்ப்பாயும் வீட்டிலிருந்த போர்வைகளும் போட்டு மூடி, உள்ளே அவரும் நானும் முன்னால், சூசைமேரி பின்னால் உட்கார்ந்தோம். "இன்னாங்க இது, மொட்ட வெயில்ல காருக்குப் போர்வை போத்திகினு! தெருவே சிரிக்குது" என்று அவள் திட்டிக்கொண்டிருக்கும்போதே சிவகுமார் சுவிட்சைப் போட்டார்.

பச்சை, சம்பந்தி! மீட்டரின் விளிம்பில் மெல்ல ஊறி, எண்ணெண்ணாகத் தெரிந்து, முள் தெரிந்து, சிவகுமாரின் மூக்கு தெரிந்தது. நற்கருணை ஆராதனையில் இருக்கிற அமைதி அந்தக் காருக்குள் இருந்தது. கிளிப்பச்சை, பாசிப்பச்சை, மயில்கழுத்து என்று நான் பார்க்காத பச்சை இல்லை என்று நினைத்திருந்தேன். இந்தப் பச்சைக்கு எங்கள் சாயப்பட்டறையில் பெயரே கிடையாது. உங்கள் அப்பா இதைப் பார்த்துக்கொண்டே ஓட்டியிருப்பார் என்று நினைத்ததும் எனக்குக் கண் கலங்கிவிட்டது, சொல்வதற்கு வெட்கமில்லை.

"இன்னா சார் பண்ணீங்க?" என்றார் சிவகுமார்.

"ஒண்ணும் பண்ணலப்பா, தொங்குதேன்னு சரிகையால கட்டினேன்."

"அதுதான் எர்த்தாயிடுச்சு! அசல் வெள்ளிச் சரிகையாத்தான் சார் இருக்கும். பிளாஸ்டிக் சரிகையில கரண்டு போவாது."

சம்பந்தி, அந்த நிமிஷம் என் நெஞ்சிலிருந்து தறியையே இறக்கி வைத்த மாதிரி இருந்தது. நான் சொல்லி யாரும் நம்ப வேண்டாம். உங்கள் கார் சொல்லிவிட்டது. நம் சரிகை அசல். ஆசை யாரை விட்டது, அடுத்த தீப்பெட்டியில் இருந்த சம்பந்தியம்மாவின் இழைகளையும் அதே இடத்தில் கட்டிப் பார்த்தேன். இருட்டு. மறுபடி கட்டினேன். கும்மிருட்டு. இதற்காகத்தான் இந்தக் கடிதத்தை நீங்கள் மட்டும் படிக்கச் சொன்னேன். அவர்களிடம் சொல்ல வேண்டாம். அந்தக் காலத்தில் யாரோ ஏமாற்றியிருக்கிறார்கள், அவர்கள் என்ன செய்வார்கள், பாவம். நம் சரிகையை மறுபடி எடுத்துக் கட்டிவிட்டேன், வெளிச்சம் வந்துவிட்டது.

மாதாவின் ஆசீர் உங்கள் வீட்டிலும் கார் ஷெட்டிலும் நிலைத்திருக்கட்டும். மாப்பிள்ளைக்கு எங்கள் முத்தங்கள். சம்பந்தியம்மாவுக்கு என் வணக்கம், அனுதாபம் இல்லாமல்.

தங்கள் அன்புள்ள,
அடைக்கலசாமி

பி.கு.: கடிதத்தைச் சூசைமேரி படித்தாள். "தலைகீழா கெடந்தவருக்கு வலது எது, இடது எது?" என்று கேட்டாள். பிறகு பீரோவிலிருந்து, சோபியா புடவைக்கு நெய்து மிஞ்சிய சரிகைக் கண்டையே எடுத்துவந்து, தார்ப்பாயைப் போர்த்தி, நான் போட்ட முடிச்சை அவிழ்த்துவிட்டு, அவள் கையாலேயே கட்டினாள். இருட்டு. மெழுகுவர்த்தியில் ஒரு இழையைக் காட்டினாள். சுருண்டு, பிளாஸ்டிக் நாற்றம் அடித்தது. எனக்கு விற்றவன் என்னை ஏமாற்றிவிட்டான். என் கண்ணுக்குத் தெரியாதது சம்பந்தியம்மாவின் ஒரு சுரண்டலுக்குத் தெரிந்துவிட்டது. காரில் எரிந்ததும், பழைய இழையை மறுபடி கட்டியபின் இப்போது எரிந்துகொண்டிருப்பதும் அவர்களுடைய சரிகைதான்.

இந்தக் கடிதத்தைக் கிழிக்கப் போனேன். சூசைமேரி விடவில்லை. "அடுத்தவங்க புடவையப் போலின்னு எழுதின கை, தன் புடவையையும் எழுதட்டும்" என்றாள். எழுதிவிட்டேன். சட்டைப்பையில் வைக்க வேண்டாம், சம்பந்தியம்மாவிடம் உரக்கப் படித்துக் காட்டுங்கள். சோபியா சொல்வதையும் சொல்லிவிடுகிறேன்: "அந்தப் புடவை வேணாம்பா. அத்தை அவங்க கூறைப் புடவையவே குடுத்தா, சாமியார்கிட்ட மந்திரிச்சு அதையே கட்டிக்கிறேன். வண்டியே அவங்க நூல்லதான எரியுது." அவர்கள் கொடுப்பார்களா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை, அதனால் எழுதுகிறேன்.

கல்யாணம் முடிந்ததும் அவர்களுக்கு ஒரு புடவை என் கையால் போடப்போகிறேன். சரிகை வாங்க அவர்களையே கூட்டிக்கொண்டு போவதாக இருக்கிறேன். அதுவரை நகம் வெட்டிக்கொள்ள வேண்டாம் என்று சொல்லுங்கள்.