கண் திறந்த சிப்

ஜமுனாமரத்தூர்
26-4-1984

சிரஞ்சீவி தம்பி கோபால்சாமிக்கு,

பெங்களூரில் நீயும் உன் வீட்டாரும் சுகம் என்று வைத்துக்கொண்டு, இங்குள்ள சுகக்கேட்டை எழுதுகிறேன்.

"வயரை மாற்ற வேண்டாம் அக்கா, சிப்பில் எழுதினால் போதும், யாரும் கற்கலாம்" என்று பம்பை ஓட்டி நிறுத்தும் சிப் பெட்டியையும், சிப்பில் எழுதும் கருவியையும் பார்சல் அனுப்பினாய். பௌதிகம் படித்தவள், நான் நம்பவில்லை. ஆனால் எங்கள் பெண்கள் விடுதியின் பம்பு மோட்டார் வற்றிய கிணற்றில் ஓடி ஒருமுறை எரிந்திருக்கிறது. மறுபடி எரிந்தால் பரீட்சைக்கு முன்பே விடுதியை மூடிவிடுவார்கள். வீட்டுக்குப் போகிற பெண்ணுக்கு மறுநாளே மாப்பிள்ளை பார்ப்பார்கள். அதனால்தான் கற்றுக்கொண்டேன். தொட்டி நிரம்பியதா, கிணற்றில் தண்ணீர் உண்டா, வோல்டேஜ் போதுமா என்று மூன்று கேள்விகள், எட்டு விதமான நிலைமை. ஒன்றுக்கு மட்டும் 'ஓடு', ஏழுக்கு 'நில்'. சும்மா இரு என்று சொல்ல இவ்வளவு ஏற்பாடு! இருந்தாலும் வேலை செய்தது. வெயில் பட்டால் எழுதியது அழிந்துவிடும் என்று நீ எச்சரித்தபடி, சிப்பின் முதுகிலுள்ள கண்ணாடிமேல் கறுப்பு டேப்பும் ஒட்டினேன்.

பிறகு அரசாங்கப் பரீட்சை விடைத்தாள் திருத்தத் திருவண்ணாமலை போனேன். கோடைமழையில் பம்பு ரூம் ஒழுகியதாம். விடுதிச் சமையற்காரி சம்பூர்ணம் பெட்டியைக் கழற்றி, மூடியைத் திறந்து, புளியோடு சேர்த்துப் பாறையில் ஒரு வாரம் காயவைத்திருக்கிறாள். இன்று திரும்பி வந்தால் வழியெல்லாம் வெள்ளம். வாட்ச்மேன் லட்சுமணன் ஓடிவந்தான்.

"டீச்சரம்மா, பொட்டிய காலைல மாட்னோம், இன்னா ஜோரு! நிக்கவே மாட்டேங்குது!"

"டேப் எங்கே?"

"நான்தான் பிச்சேன்" என்றாள் சம்பூர்ணம். "கண்ணக் கட்டிட்டு கெணத்தப் பாருன்னா அது எப்டிங்க பாக்கும்? பாவங்க."

அழிந்த சிப் வாயை மூடிக்கொண்டு இருக்கும் என்றுதானே நினைப்போம்? இல்லை. எழுதாத இடமெல்லாம் சிப்புக்கு 1; 'ஓடு' என்பதும் 1. அதனால் வெற்றுச் சிப் எட்டுக்குமே 'ஓடு' என்கிறது! தொட்டி வழிந்து, கிணறு வற்றி, மோட்டார் காற்றைக் குடித்துக் கத்துகிறது. நான்தான் ஓடிப்போய் மெயினை அணைத்தேன். மோட்டாரில் கை வைக்க முடியவில்லை, தீய்ந்த வாடை வேறு. பிழைத்ததா என்று நாளைதான் தெரியும். நாளை மறுநாள் எங்கள் பெண்களுக்கு ஆண்டுப் பரீட்சை, தம்பி. எனக்குச் சோறு இறங்குமா சொல்லு? ஒன்னு வெயில் வேணாம், இல்ல இந்தச் சிப் வேணாம். வெயில நான் எங்கே அனுப்புறது? அதனால பெட்டியைத் திருப்பி அனுப்புகிறேன்.

பெரியவர்களுக்கு வணக்கமும், பிள்ளைகளுக்கு நூறு வயதும், உனக்கு இனியாவது நிதானமும் கிடைக்கட்டும்.

உன் அக்கா,
அம்சவல்லி

பி.கு.: பழுதான பெட்டியைத் திருப்புவது மரியாதையல்ல என்று எட்டு நிலைமைகளையும் மறுபடி எழுதிவைத்தேன். இன்று விடிந்து கிணற்றில் தண்ணீர் ஊறியதும் மோட்டாரைப் போட்டேன். ஓடியது, தண்ணீர் இறங்கியதும் தானே நின்றது. பரீட்சை நடக்கும். பெட்டியை அனுப்பவில்லை. இன்னும் இரண்டு சிப் அனுப்பு. பள்ளிக்கூட மணியையும் இதில் எழுத முடியுமா?