பேராசிரியர் புல்காவோவின் சுவாரஸ்யமான கேஸ்

ஸ்லைடு மனிதரை உங்களுக்குத் தெரியும். தெரியாது என்று சொல்லாதீர்கள். பெரிய ஆஸ்பத்திரி எங்கே இருந்தாலும் அங்கே இந்த இனத்தில் ஒருவராவது இருப்பார். பிரேசிலில், எங்கள் சால்வதோர் நகரில் அவருக்குப் பேராசிரியர் புல்காவோ என்று பெயர். அவருடைய பரிசோதனைக் கூடத்தில் ரத்தம் நிரப்பிய சோதனைக் குழாய்களோடு பத்தொன்பது வருஷமாக மாரடிக்கிறவன் நான்.

ஒருவர் எலும்பு மஜ்ஜையை இன்னொருவர் உடம்பு ஏன் ஏற்கிறது, ஏன் விரட்டுகிறது என்பதில் அவருக்கு முப்பது வருஷ ஆராய்ச்சி. ரத்த அணுக்கள் அரிவாளாக வளைந்துபோகும் அரிவாள் செல் நோய் என்றால் இந்தக் கண்டத்துக்கே அவர்தான் என்பார்கள். என்பார்கள் என்றால், அவரே சொல்வார். ரத்தமே இல்லாமல் வெளிறிப்போய் உட்கார்ந்திருப்பவரிடம் போய், "ரெண்டே ரெண்டு மில்லி, சயின்ஸுக்காக" என்று கையை நீட்டச் சொல்ல அவரால்தான் முடியும். குழாய் நிறைந்ததும் ஆளை மறந்துவிடுவார். குழாயை மறப்பாரா? அதற்கு நம்பர் உண்டு, பெட்டி உண்டு, உறைகுளிரில் தனி அலமாரி உண்டு. அடுத்தவர் பேசும் கூட்டத்தில் கண்ணை மூடிக்கொண்டே இருந்துவிட்டு, முடிந்ததும் எழுந்து, "இது கேள்வி இல்லை, சின்னக் குறிப்பு" என்று இருபது நிமிஷம் தன்னைப் பற்றியே பேசுவார். மாணவர் எழுதிய கட்டுரையைப் படிப்பதில்லை; பெரிய மனிதர் பெயர் வரவேண்டிய கடைசி இடத்தில் தன் பெயர் இருக்கிறதா என்று மட்டும் பார்ப்பார்.

ஆனால் அவர் மூச்சு விடுவது ஒரே சொல்லில்தான்: "சுவாரஸ்யமான கேஸ்!" எந்த டாக்டராவது உங்களை அப்படிச் சொன்னால், செருப்பைக்கூடத் தேடாமல் ஓடிவிடுங்கள்.

இரண்டு வருஷத்துக்கு முன் அப்படி ஒன்று மாட்டியது. ஜெ.எஸ்., இருபத்தொரு வயதுப் பெண், பிறந்ததிலிருந்தே அரிவாள் செல் நோய், ஏற்கெனவே ஒரு பக்கவாதம். இன்னொன்று வந்தால் தாங்கமாட்டாள். மஜ்ஜை மாற்றினால் பிழைக்கலாம், ஆனால் பொருந்த வேண்டுமே! இரண்டு தங்கைகளின் மஜ்ஜையும் பொருந்தவில்லை. தாயின் முதல் கணவருக்குப் பிறந்த அண்ணன், சும்மா கூட வந்தவன், அவனும் போகிற போக்கில் ரத்தம் கொடுத்தான். பத்துக்குப் பத்துப் பொருத்தம்! லட்சத்தில் ஒன்று.

பேராசிரியர் உடனே வார்டுக்கு எழுதினாரா? எழுதவில்லை. ஸ்லைடு போட்டார். சாவோ பாவ்லோவில் காட்டினார், பொகோட்டாவில் காட்டினார், மான்டெவீடியோவில் எழுந்து நின்று கைதட்டினார்களாம். வார்டுக்கான கடிதம் என் டிராயரில் தயாராகக் கிடந்தது, அவர் கையெழுத்துதான் பாக்கி.

"அனுப்பிடலாமா டாக்டர்?" என்று கேட்டேன்.

"இன்னொரு தடவை டெஸ்ட் பண்ணிப் பாத்துடுவோம்யா. சயின்ஸ் அவசரப்படக் கூடாது."

ஏழு மாதம் அவசரப்படவில்லை. நானும்தான்.

ஆஸ்பத்திரி வாசலில் தோனா வல்தெலீசி அக்கராஜே சுடுகிறாள். செம்பனை எண்ணெயில் பொரிந்த அந்தப் பயறு வடை இல்லாமல் எங்களுக்குப் பொழுது போகாது. பேராசிரியர் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. ஊரில் எல்லா வடைக்காரிகளையும் போல அவளும் அவருக்கு "பாயானா"தான். அன்று நானும் பக்கத்தில் நின்றேன்.

"பாயானா, மிளகாய் தூக்கலா வை. நாளைக்கு சந்தியாகோவுல பேசறேன். ஒரு கேஸ், சொன்னா நம்பமாட்டே! தாய் ஒருத்தி, தகப்பன் ரெண்டு பேரு. மொதப் புருஷன் பையனோட மஜ்ஜை ரெண்டாம் புருஷன் பொண்ணுக்கு அப்படியே பொருந்துது. அந்தப் பொம்பளை ஒரே மாதிரி ரத்தமா ரெண்டு பேரை எப்படித்தான் தேடிப் பிடிச்சாளோ!"

கரண்டி எண்ணெயிலேயே நின்றது.

"அந்தப் பொண்ணுக்குப் பக்கவாதம் வந்துச்சா, டாக்டரே?"

"வந்துச்சே!"

"அண்ணன்காரன் இத்தாபாரிக்கா தீவுல மீன் பிடிக்கிறவனா?"

"அட, என் ஸ்லைடைப் பாத்தியா என்ன?"

"அந்தப் பொம்பளையே நான்தான்யா! ரிசல்ட் வரல, ரிசல்ட் வரலன்னு ஏழு மாசமா என்னை அலைய விட்டுட்டு, நீ ஊர் ஊராப் போய்ப் படம் காட்டிட்டிருக்கியா? நடுவுல எம்பொண்ணு போயிருந்தா என்னடா பண்ணியிருப்பே?"

பேராசிரியர் திகைத்தது ஒரே ஒரு நொடிதான். பிறகு முகம் மலர்ந்தது. "அடடே, அம்மாவே கிடைச்சிட்டீங்களா! உங்க ரத்தம் மட்டும் ரெண்டு மில்லி குடுத்தா..."

கிண்ணம் நிறைய மிளகாய்ச் சாந்து அவருடைய வெள்ளைக் கோட்டில் விழுந்தது. கை தவறித்தான் விழுந்தது என்று நான் எழுத்து மூலம் சாட்சி சொல்லியிருக்கிறேன். அன்று மாலையே கடிதம் வார்டுக்குப் போனது. மூன்று மாதத்தில் மஜ்ஜை மாற்றினார்கள்.

இந்தக் கதையை கேன்டீனில் ஐம்பது தடவையாவது சொல்லியிருப்பேன். சாந்து விழும் இடத்தில் கொஞ்சம் நிறுத்திச் சொன்னால் சிரிப்பு அள்ளும். போன வாரம் வடைப் பொட்டலத்தை வாங்கிக்கொண்டே, பேச்சுவாக்கில் தோனா வல்தெலீசியிடம், "ஆமா, உங்க பொண்ணு எப்படி இருக்கா?" என்றேன். ஒன்றரை வருஷத்தில் முதல் தடவையாக.

அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு எனக்குப் பொட்டலம் நீட்டிய பெண்ணின் பக்கம் திரும்பி, "ஏய் ஜுசிலேனி, தினம் உன் கையால வடை வாங்கித் தின்னுட்டு, நீ எப்படி இருக்கேன்னு என்கிட்டக் கேக்கறாரு பாருடி!" என்றாள்.

நன்றாகச் சிரியுங்கள். ஆனால் ஒன்று சொல்லுங்கள்: இதை நாளைக்கு யாரிடம் சொல்லலாம் என்று யோசித்தது முதலிலா, அந்தப் பெண் பிழைத்தாளா என்று யோசித்தது முதலிலா?