பிரபுவுக்கு அவள் என்ன பதில் சொன்னாள்?

ஜவ்வாது மலைமேல் உள்ள எங்கள் கிளை நூலகத்தில், பதிவேட்டின்படி நாலாயிரத்து முப்பத்திரண்டு புத்தகங்கள் உள்ளன. அவற்றில் வாசகர்கள் மெய்யாகவே கேட்டு வாங்கி வந்தது ஒன்றே ஒன்றுதான்: இருநூறு வருஷத்துக்கு முந்தைய ஓர் இங்கிலாந்துக் காதல் நாவலின் தமிழாக்கம். நூலகர் என்ற முறையில் இதைப் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன்.

சாமை மில் வைத்திருக்கும் மங்கம்மாள் அதை எடுத்துப்போய், அரைக்க வந்து காத்திருக்கும் பெண்களுக்குத் தினமும் வாசித்துக் காட்டினார். சொத்தில்லாத வீட்டுப் பெண்ணிடம், தலைக்கனம் பிடித்த பிரபு ஒருவன் கட்டிக்கொள்ளச் சம்மதமா என்று கேட்கிறான். அவள் பதில் சொல்ல வாயைத் திறக்கிறாள். அந்த இடத்திலிருந்து கடைசிப் பதினாறு பக்கத்தைக் கரையான் தின்றிருந்தது.

மங்கம்மாள் மறுநாளே வந்துவிட்டார்.

“இன்னா சார் இது? அவ சரின்னாளா, மாட்டேன்னாளா? எம் பொண்ணு சுவேதாவ திருப்பத்தூர்லருந்து ஒருத்தன் பொண்ணு கேட்டிருக்கான். ரெண்டு ஜவுளிக்கடை, ஊர்ப்பட்ட திமிரு. இவ இன்னாடான்னா, அந்தப் பொண்ணு சொல்றதத்தான் நானும் சொல்வேன்னு குந்திக்கினு கீறா.”

ஒரு பெண்ணின் வாழ்க்கை என்பதால் நல்ல பிரதி ஒன்று வேண்டுமென்று உடனே மேலிடத்துக்கு எழுதினேன். நாலு மாதத்தில் ஒரு வேன் வந்தது. வேன் நிறைய அந்த நாவலின் தொடர்ச்சிகள். பதினைந்து வகை, வகைக்கு நாற்பது பிரதி.

செத்துப்போன எழுத்தாளரின் கதையை உயிரோடிருப்பவர்கள் நீட்டி எழுதுவதுதான் இப்போது நாகரிகமாம். சொந்தமாக ஒரு பாத்திரத்தைப் பெற்று வளர்க்க வக்கில்லாதவர்கள், அடுத்தவர் பெற்றதைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறார்கள். ஒன்றில் பிரபு பேயாக வருகிறான். ஒன்றில் முதல் பக்கத்திலேயே அவன் கொலை, துப்பறிவது மனைவி. இன்னொன்றில் இருவருக்கும் பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை. விவாகரத்துக்கு வக்கீல் தேடுகிறார்கள். பதினைந்தாவதில் தேனிலவுக்கு ஜவ்வாது மலைக்கு வந்து, எங்கள் சாலை வசதியை இருபது பக்கத்துக்குப் பாராட்டுகிறார்கள். அதை எழுதியவர் எங்கள் அதிகாரி பூபாலன்.

அவரே ஆய்வுக்கு வந்தபோது மங்கம்மாள் வழி மறித்தார்.

“பழைய புஸ்தகம் ஒண்ணு குடுத்தா போதுங்க.”

“அது முடிந்துபோன கதைம்மா. முடிந்ததற்கு ஒதுக்கீடு கிடையாது. தொடர்ச்சிக்குத்தான் ஒதுக்கீடு.”

“எப்டி முடிஞ்சதுன்னு எங்களுக்குத் தெரியலீங்களே.”

“தொடர்ச்சி வந்திருக்கிறதே, அதுதான் முடிந்ததற்கு அத்தாட்சி.”

“நீங்க படிச்சிருப்பீங்களே. அவ இன்னா சொன்னா?”

அதிகாரி கண்ணாடியைத் துடைத்தார். “மூலத்தைப் படித்தால் நம் கற்பனைக்கு இடைஞ்சல்” என்றார். போகும்போது, பதினாறு பக்கம் குறைந்த அந்தப் பிரதியையும் கழிவுப் பட்டியலில் சேர்த்து எடுத்துப்போனார்.

வேறு வழியில்லாமல் சுவேதா பதினைந்தையும் படித்தாள். ஒன்பது நாள் ஆயிற்று. பத்தாம் நாள் மில்லில் எல்லார் எதிரிலும் சொன்னாள்:

“பதினஞ்சிலயும் அவ சரின்னுதான் சொல்லியிருக்கா. அதுக்கப்புறம் அவ பட்ட பாட்டையும் படிச்சேன். எனக்கு அவன் வேணாம்மா.”

திருப்பத்தூருக்கு ஆள் போய்ச் சொல்லியாயிற்று. எனக்கு மனசு நிறைந்துவிட்டது. அந்தக் குப்பை ஒரு பெண்ணுக்காவது உதவியதே என்று, நடந்ததை ஒன்றுவிடாமல் ஆண்டறிக்கையில் எழுதி அனுப்பினேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

அறிக்கை அதிகாரிக்கு மிகவும் பிடித்துப்போயிற்று. மூன்றே மாதத்தில் பதினாறாவது தொடர்ச்சி வந்தது. அதில் சுவேதா என்ற மலைப்பெண் மனம் மாறி, திருப்பத்தூர் ஜவுளிக்கடைக்காரனையே கட்டிக்கொள்கிறாள். நாற்பது பிரதியில் ஒன்றுகூட அலமாரியில் தங்கவில்லை.

இப்போது மில்லில் சாமையை இறக்கி வைத்ததும் பெண்கள் மங்கம்மாளிடம் கேட்பது ஒன்றுதான்.

“சுவேதா மாப்பிள்ள வூட்ல நல்லா கீறாளா?”

“கொஞ்சம் இரு. அவதான் படிச்சிக்கினு கீறா. முடிச்சிட்டுச் சொல்வா” என்கிறார் மங்கம்மாள்.

மூலையில் மூட்டை மேல் உட்கார்ந்திருக்கும் சுவேதா புத்தகத்திலிருந்து தலை நிமிர்வதில்லை. அந்தப் பிரதிக்கு அடுத்த முன்பதிவு என் பெயரில் இருக்கிறது.