கண்ணாடிக்குள் நின்ற என் குடும்பம்

மிரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். எனக்கு இருட்டே தேவையில்லை. பட்டப்பகலில், ட்யூப் லைட் வெளிச்சத்தில், விலைச்சீட்டு தொங்கும் இடத்தில்கூட எனக்குப் பேய் வரும். நான் பௌதிகம் படித்தவன் (பரீட்சையில் சித்தியும் அடைந்தவன், சந்தேகம் வேண்டாம்). படிப்பு பேயை விரட்டாது. அது எவ்வளவு வேகத்தில் வருகிறது என்று கணக்குப் போட மட்டும் உதவும்.

மகள் ஆரணி பிறந்த நாளிலிருந்து நான் பயந்துகொண்டுதான் இருக்கிறேன். அவள் தவழ்ந்தபோது பிளக் ஓட்டைகள், நடந்தபோது படிக்கட்டுகள், பல்கலைக்கழகம் போகத் தொடங்கிய பிறகு ரயில்கள். எல்லாம் ஓரளவு பழகிவிட்ட நேரத்தில் அவள் புது உடுப்பு வாங்குவதை நிறுத்தினாள். பூமி வீணாகிறதாம். பழைய உடுப்புக் கடைகளில் தேடித்தேடி வாங்கி வந்தாள்.

“ஆர் போட்ட உடுப்பெண்டு தெரியுமோ பிள்ளை?”

“தெரியாது. அதுதானே வடிவு.”

“அந்த ஆள் இப்ப உயிரோடை இருக்கோ இல்லையோ?”

“அப்பா, செ ஜுஸ்த் அன் மொந்தோ!” (வெறும் கோட்டுத்தானே என்று அர்த்தம். பிள்ளைகள் பிரெஞ்சுக்கு மாறினால் பேச்சு முடிந்தது என்றும் அர்த்தம்.)

அவளுக்கு அது வெறும் கோட்டு. நான் வளர்ந்த வீட்டில் ஒருவருடைய உடுப்பு முழுவதும் ஒன்றாக வாசலைத் தாண்டிப் போனால் அதற்கு ஒரே காரணம்தான் இருந்தது. செத்து முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடியும், அடுத்த நாள் அலுமாரி வெறுமையாகும். ஆகவே பழைய உடுப்புக் கடை என்றால் என் மனதில் அது அந்தியேட்டிகளை வரிசையாக ஹாங்கரில் தொங்கவிட்ட இடம். ஆரணி வாங்கி வந்ததை எல்லாம் நான் வாசலிலேயே மறித்து, மஞ்சள் தண்ணீரில் நனைத்து, பால்கனியில் கற்பூரம் காட்டிய பிறகே உள்ளே விட்டேன். கீழ்வீட்டுக்காரர் ஒருமுறை தீயணைப்புப் படைக்குப் போன் செய்ய வெளிக்கிட்டது தனிக்கதை.

என் மனைவி வசந்தியின் மஞ்சளைப் பற்றியும் சொல்லவேண்டும். எந்தப் புது உடுப்பு வந்தாலும் சாமிப்படத்துக்கு முன் வைத்து, மஞ்சளைக் குழைத்து விரலால் ஒரு பொட்டு வைப்பாள். ஊரில் சேலைத் தலைப்பில் வைத்ததை, பாரிசுக்கு வந்த பிறகு வெள்ளைக்காரர் கண்ணில் படாமல் காலரின் உட்பக்கத்தில் வைக்கிறாள். குளிர் ஜாக்கெட்டுக்கும் உண்டு, மழைக்கோட்டுக்கும் உண்டு. எங்கள் வீட்டு உடுப்பு எந்த மூலையில் கிடந்தாலும் காலரைத் திருப்பினால் தெரிந்துவிடும்.

போன வருடம் குளிர் தொடங்கிய ஒரு சனிக்கிழமை, வசந்தியும் ஆரணியும் காலையிலேயே வெளிக்கிட்டுவிட்டார்கள். எபினேயில் ஒரு சிநேகிதி வீடு என்றார்கள். நான் மழை ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு எங்கள் தமிழ்க் கடைகள் நிறைந்த லாச்சப்பலுக்கு மரக்கறி வாங்க வந்தேன். ஒரு கடையிலிருந்து இன்னொரு கடைக்குப் போகும் இடைவெளியில் குடும்பத்துக்கு ஒரு போன் போட்டுப் பார்ப்பது என் வழக்கம். மகள் எடுக்கவில்லை. மனைவியும் எடுக்கவில்லை. இரண்டு போனிலும் ஒரே பிரெஞ்சுப் பெண்ணின் குரல், செய்தியை விடச் சொன்னது. இரண்டு பேரையும் விழுங்கிவிட்டு ஒருத்தி அமைதியாகப் பேசுவது போல இருந்தது.

பெரிய வீதியில் சனம் நெருக்கியடித்ததால், கார் து நோர் ரயில் நிலையத்துக்குப் பின்வீதியால் நடந்தேன். லாச்சப்பலில் ஒரு வீதி தள்ளி நடந்தால் போதும், சத்தமெல்லாம் யாரோ வாயைப் பொத்தியது போல நின்றுவிடும். மழை தூறியது. என் பையிலிருந்து நீட்டிக்கொண்டிருந்த புடலங்காயில் தண்ணீர் வழிந்தது. அங்கே ஒரு பழைய உடுப்புக் கடை. ஏதோ தர்ம ஸ்தாபனம் நடத்துவது. நான் எப்போதும் எதிர்ப்பக்கமாகக் கடந்துபோகும் கடை.

அன்று கண்ணாடிக்குள் மூன்று பொம்மைகள் நின்றன. தலையில்லாதவை. குடும்பப் படத்துக்கு நிற்பது போல நெருக்கி நிறுத்தியிருந்தார்கள். நடுவில் நின்றது என் மனைவி.

தலை இல்லைத்தான். ஆனால் கலியாணமாகி இவ்வளவு காலத்துக்குப் பிறகு மனைவியை அடையாளம் காணத் தலை தேவைப்படுவதில்லை. அந்தக் கருஞ்சிவப்புச் சால்வையின் ஓரத்தில் நான் அயர்ன் பண்ணி எரித்த முக்கோணத் தழும்பு அப்படியே இருந்தது. பக்கத்தில் ஆரணியின் நீல ஜாக்கெட். முழங்கையில் வசந்தி பச்சை நூலால் போட்ட தையல். மற்றப் பக்கத்தில் என்னுடைய மண்ணிறக் கம்பளிக் கோட்டு.

நான் கண்ணாடிக்குக் கிட்டப் போனேன். என் முகம் அதில் விழுந்தது. சரியாக அந்த மண்ணிறக் கோட்டின் கழுத்துக்கு மேலே வந்து பொருந்தியது. நான் அசையாமல் நின்றேன். அதுவும் அசையவில்லை.

படித்த மூளை உடனே வேலை செய்தது. ஒருவருடைய உடுப்பு வெளியே போனால் ஒருவர் இல்லை. மூன்று பேருடையதும் போயிருக்கிறது. அப்படியென்றால் நானும் இல்லை. யோசித்துப் பார்த்தேன். காலையிலிருந்து யாராவது என்னோடு முகம் கொடுத்துக் கதைத்தார்களா? ரயிலில் ஒருவரும் என்னைப் பார்க்கவில்லை. மரக்கறிக் கடையில் காசு வாங்கிய பெண்ணும் நிமிரவில்லை. (பாரிசில் உயிரோடு இருப்பவனையும் யாரும் பார்ப்பதில்லை என்பது எனக்கு வீட்டுக்கு வந்த பிறகே நினைவு வந்தது.)

திரும்பவும் போன் போட்டேன். அதே பெண். அதே அமைதி.

கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனேன். கடையில் பழைய கம்பளியும் வேறு வேறு வீடுகளின் சவர்க்காரமும் கலந்து மணத்தது. மூக்குக்கண்ணாடியைச் சங்கிலியில் கோத்துக் கழுத்தில் போட்டிருந்த ஒரு மதாம், தொண்டு செய்ய வருபவள் போலும், “போஞ்சூர்” என்றாள். பயம் வந்தால் என்னிடமிருந்து முதலில் ஓடுவது பிரெஞ்சு. நடுப்பொம்மையைக் காட்டி, “அது என் மனைவி” என்று மட்டும் சொன்னேன்.

மதாமின் முகம் மாறியது. என் கையைப் பிடித்தாள்.

“ஓ, மிசியே. எப்போது?”

“காலையில்.” அவர்கள் வெளிக்கிட்ட நேரத்தைச் சொன்னேன்.

அவள் சுவர் மணிக்கூட்டைப் பார்த்தாள். காலையில் போனவளின் சால்வை மத்தியானத்துக்குள் கண்ணாடிக்குள் வந்துவிட்டதே என்று திகைத்திருக்க வேண்டும். ஆனாலும் நல்ல மனுஷி. ஒரு கதிரையை இழுத்து வைத்தாள்.

“யார் கொண்டுவந்தார்கள்?” என்றேன்.

“நாங்கள் பெயர் கேட்பதில்லை. பைகளை நிலவறையில் வைத்துவிட்டுப் போவார்கள். ஒருவர் இறந்தால் சிலர் அலுமாரியையே அப்படியே கொண்டுவந்துவிடுவார்கள். இந்தக் கிழமைகூட ஒரு ஆணுடையது வந்தது. சப்பாத்து, பெல்ட், பிஜாமா, மூக்குக்கண்ணாடி எல்லாம். அந்த மண்ணிறக் கோட்டும் அதில்தான் இருந்திருக்க வேண்டும்.”

அதற்குமேல் எனக்குக் கேட்கவில்லை. எழும்பி, நேரே பொம்மைகள் நின்ற மேடையில் ஏறினேன். சால்வையின் ஓரத்தைத் திருப்பி வசந்தியின் பொட்டைத் தேடினேன். மஞ்சள். மகளின் ஜாக்கெட் காலரைத் திருப்பினேன். மஞ்சள். கடைசியாக எனது கோட்டின் காலரைத் திருப்பினேன். அங்கேயும் மஞ்சள்.

பிறகு நடந்ததை நான் சொல்வதைவிட, வெளியே நின்று பார்த்தவர்கள் சொல்வதுதான் இப்போது லாச்சப்பலில் உத்தியோகபூர்வமான வடிவம். நான் என் மனைவியைக் கட்டிப்பிடித்து அழுதேன். அழுத வேகத்தில் அவளுடைய வலது கை கழன்று என் கைக்கு வந்தது. அதையும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டேன். தோளில் தொங்கிய பையிலிருந்து புடலங்காய் முறிந்து மேடையில் விழுந்தது. வெளியே மழையில் சனம் கூடியது. மளிகைக்கடைச் சிவம் அண்ணை தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு தலை குனிந்து நின்றார். கடைக்குள் ஒருவரும் அசையவில்லை. பக்கத்து மேம்பாலத்தில் மெட்ரோ போனது. ஹாங்கர்கள் எல்லாம் ஒருமுறை மெல்லக் கிலுகிலுத்தன.

அப்போதுதான் தரைக்குள்ளிருந்து சத்தம் கேட்டது.

கடையின் மூலையில் நிலவறைப் படிக்கட்டு இருந்தது எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்ததெல்லாம், தரையிலிருந்து ஒரு வெள்ளைத் துணி மெதுவாக மேலே எழும்பியது. அதற்குக் கீழே தூசி படிந்த தலைமயிர். அதற்குக் கீழே வசந்தியின் முகம். அவளுக்குப் பின்னால் ஆரணி வந்தாள், கையில் ஒரு தலையோடு.

“கிட்ட வராதை!” என்று கத்தினேன். (பௌதிகம் அந்த நேரத்தில் பக்கத்தில் இல்லை.)

வசந்தி என்னைப் பார்த்தாள். என் அணைப்பில் இருந்தவளைப் பார்த்தாள்.

“என்னப்பா இது? ஆரைக் கட்டிப்பிடிச்சுக்கொண்டு நிக்கிறியள்?”

அந்தத் தொனியைக் கேட்டதும்தான் எனக்கு மூச்சு வந்தது. செத்தவர்கள் அப்படிக் கேட்கமாட்டார்கள்.

“அப்பா, கெஸ்க் து ஃபே?” என்றாள் ஆரணி. என்ன செய்கிறீர்கள் என்று அர்த்தம். நான் அவள் கையிலிருந்த தலையைக் காட்டி, “அது ஆரின்ரை?” என்றேன்.

“பொம்மையின்ரை. கீழை தேடி எடுத்தனாங்கள். தலையில்லாமல் நிண்டால் ஒரு மாதிரி இருக்குதெல்லோ?”

விஷயம் வெளியே வந்தது. ஆரணி மாதக்கணக்காகச் சனிக்கிழமைகளில் அங்கே உதவி செய்கிறாளாம். அந்தக் கண்ணாடி அலங்காரம் அவளுடைய வேலை. வீட்டில் கழித்த உடுப்புகளைத் தாயும் மகளும் எனக்குத் தெரியாமல் அங்கே கொடுத்திருக்கிறார்கள். அன்று தூசிக்குத் தலையில் துணியைக் கட்டிக்கொண்டு பைகளைப் பிரிக்க வசந்தியும் கூட வந்திருக்கிறாள். நிலவறையில் போன் வேலை செய்யாது.

“எனக்குச் சொல்லியிருக்கலாமே?”

“சொன்னால் கடை முழுக்கக் கற்பூரம் காட்டியிருப்பியள்,” என்றாள் வசந்தி.

“அதுக்காக என்ரை கோட்டையுமோ குடுக்கிறது?”

வசந்தி மகளைப் பார்த்தாள். மகள் தாயைப் பார்த்தாள். “அம்மா கொண்டுவந்ததெண்டு நினைச்சுத்தான் பொம்மைக்குப் போட்டனான்” என்றாள் ஆரணி. “நான் நீ எடுத்துவந்ததெண்டெல்லோ நினைச்சன்” என்றாள் வசந்தி. எனக்கு அதை ஆராயும் தெம்பு இல்லை. கோட்டை விலைக்கு வாங்கினேன். மதாம் அதைக் குழந்தையைத் தருவது போல மடித்துத் தந்தாள். எல்லோரும் உயிரோடு இருப்பதில் அவளுக்குச் சந்தோஷமும், கொஞ்சம் ஏமாற்றமும். புடலங்காயை நன்கொடையாக விட்டுவிட்டு வந்தோம்.

பியர்ஃபித்தில் எங்கள் வீட்டுக்கு வந்து சேருவதற்குள் செய்தி முந்திவிட்டது. வசந்தி போனை எடுத்தாள். மற்றப் பக்கத்தில் ஒரு பெண் விம்மி விம்மி அழுதாள்.

“ஐயோ, அண்ணையை ஆர் பாக்கிறது? அக்காவை எப்ப எடுக்கினம்?”

“அக்காதான் கதைக்கிறன்,” என்றாள் வசந்தி.

போன் கீழே விழும் சத்தம் எங்கள் வீட்டுக்குக் கேட்டது. அதன் பிறகும் அழைப்புகள் வந்தன. வசந்தி ஒவ்வொருவருக்கும் பொறுமையாகத் தன் சாவை மறுத்தாள். நான் சோபாவில் சுருண்டு கிடந்தேன், மகள் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்தாள். அத்தோடு முடிந்திருந்தால் இது முழுக்கச் சிரிக்கிற கதையாக இருந்திருக்கும்.

கோட்டைக் கொளுவ அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினேன். கதவின் பின்பக்கக் கொளுக்கியில் என்னுடைய மண்ணிறக் கோட்டு தொங்கிக்கொண்டிருந்தது.

கையில் ஒன்று. கொளுக்கியில் ஒன்று. அதே நிறம், அதே அளவு.

வசந்தியைக் கூப்பிட்டேன். அவள் கொளுக்கியில் இருந்த கோட்டின் காலரைத் திருப்பி மஞ்சள் பொட்டின் மேல் தன் விரலை வைத்தாள். பொருந்தியது. மற்றக் காலரைத் திருப்பி வைத்தாள். பொட்டு விரலுக்குள் மறைந்துவிட்டது.

“இது ஆரோ சின்ன விரல்காரி,” என்றாள் மெல்ல.

ஆரணியின் சிரிப்பு நின்றது. சப்பாத்து, பெல்ட், பிஜாமா, மூக்குக்கண்ணாடி. மதாம் சொன்னது எனக்கு அப்போதுதான் காதில் விழுந்தது. நான் அன்று மத்தியானம் சும்மா அழுதுவிட்டு வந்த அழுகையை, இந்த நகரத்தின் ஏதோ ஒரு வீட்டில் ஒருத்தி உண்மையாகவே அழுதிருக்கிறாள். வசந்தி சாமிப்படத்துக்கு விளக்கேற்றினாள். கோட்டைத் திருப்பிக் கொடுப்போமா என்று கேட்டேன். “ஒருக்கா வாசலுக்கு வெளியிலை விட்ட மனிசனைத் திரும்பவும் வெளியிலை விடுறதோ?” என்றாள்.

ஆகவே இப்போது கதவுக்குப் பின்னால் இரண்டு கோட்டுகள் தொங்குகின்றன. லாச்சப்பலில் என்னைக் கண்டால் சிவம் அண்ணை இன்னும், “தங்கச்சி சுகமோ? கை கால் எல்லாம் பூட்டினபடி இருக்கோ?” என்று கேட்கிறார். குளிர் காலையில் நான் அவசரமாக வெளிக்கிடும்போது வசந்தி குசினிக்குள்ளிருந்து குரல் கொடுப்பாள்: “இண்டைக்கு நீங்கள் போறியளோ, அவர் போறாரோ?”

நான் காலரைத் திருப்பிப் பார்ப்பதில்லை. ரயிலில் ஏறி நிற்பேன். சுரங்கத்துக்குள் போகும்போது கதவுக் கண்ணாடியில் மண்ணிறக் கோட்டு தெரியும், அதற்கு மேலே ஒரு முகம் வந்து பொருந்தும். சுரங்கம் முடிந்ததும் போனில் மகளின் செய்தி வந்து கிடக்கும். அந்தச் சனிக்கிழமைக்குப் பிறகு தான் சுகமாக இருப்பதை அவள் எனக்குத் தெரிவிக்கும் முறை இதுதான்: “அப்பா, தலை இருக்கு.”

நான் ஒருமுறை தடவிப் பார்த்துவிட்டுப் பதில் போடுவேன்: “எனக்கும்.”